அச்சத்தில் தொடங்கி அழுகையில் முடிந்தது: ‘ஹில் ஹவுஸ்’ தொடரும் அதன் பார்வையாளரும்

கேள்வி

அமெரிக்க இயக்குநர் மைக் ஃப்ளனகன் உருவாக்கி, பத்துப் பகுதிகளையும் தாமே இயக்கிய ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ என்னும் தொடர் 2018 அக்டோபர் 12 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய அதே பெயருடைய நாவலின் தழுவல் என்று அது அறிவிக்கப்பட்டாலும், நாவலின் கதை தொடரில் இல்லை. வீடும் சில பெயர்களும் இரண்டொரு நிகழ்ச்சிகளும் மட்டுமே எடுத்தாளப்பட்டு, முற்றிலும் புதிய குடும்பம் ஒன்று அந்த வீட்டில் குடியேற்றப்பட்டுள்ளது. 1992ஆம் ஆண்டின் கோடையில், பழைய மாளிகையை வாங்கிப் பழுதுபார்த்து விற்றுவிடும் எண்ணத்தோடு ஹியூ, ஒலிவியா க்ரெய்ன் தம்பதியர் ஐந்து பிள்ளைகளுடன் அங்கே வருகின்றனர். ஓர் இரவில் தந்தை பிள்ளைகளை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு தப்பியோடுகிறார். தாய் அந்த வீட்டிலேயே இறந்துபோகிறார். என்ன நடந்தது என்பதைத் தந்தை பிள்ளைகளிடம் கடைசிவரை முழுமையாகச் சொல்வதில்லை. கால் நூற்றாண்டுக்குப் பின் கடைசிப் பெண் நெல் அதே வீட்டுக்குத் தனியே திரும்பிச் சென்று உயிரிழக்க, சிதறிக்கிடந்த குடும்பம் அவளுடைய சவப்பெட்டியைச் சுற்றி மீண்டும் கூடுகிறது.

வெளியான சில வாரங்களுக்குள்ளேயே தொடரைப் பற்றி இருவகைப் பேச்சுகள் எழுந்தன. ஒன்று, எதிர்பார்க்கத்தக்கது: தூக்கம் போனது, விளக்கை அணைக்க முடியவில்லை, வயிற்றைப் புரட்டியது என்று பார்வையாளர் சமூக ஊடகங்களில் எழுதியவற்றைப் பத்திரிகைகள் செய்தியாக்கின. மற்றது எதிர்பாராதது: பேய்க்கதை பார்க்க அமர்ந்தவர்கள் அழுததாகவும், தம் குடும்பத்தில் நேர்ந்த சாவுகளை நினைத்துக்கொண்டதாகவும், ஆண்டுக்கணக்கில் பேசாதிருந்த உடன்பிறந்தோரை எண்ணியதாகவும் சொன்னார்கள். முதல் வகைப் பேச்சு விரைவில் அடங்கிவிட்டது. இரண்டாவது இன்றும் தொடர்கிறது. அச்சமூட்டுவதற்கென்றே கட்டப்பட்ட கதை துக்கத்தைக் கிளறியது எதனால், அந்தத் துக்கத்தைப் பார்வையாளரும் விமர்சகரும் எந்தச் சட்டகத்தில் புரிந்துகொண்டனர், அந்தச் சட்டகம் தொடருக்குப் பொருந்துகிறதா என்பனவே இக்கட்டுரை ஆராயும் கேள்விகள்.

சான்றுகளின் தன்மை

பார்வையாளர் எதிர்வினையை ஆராய்வதில் உள்ள இடர் பழையது. எழுதுகிறவர்கள் எல்லாப் பார்வையாளருக்கும் பேராளர்கள் அல்லர். மனம் நெகிழ்ந்தவர்களும் சினந்தவர்களுமே எழுதுவார்கள், பாதியில் எழுந்து போனவர்கள் எழுதமாட்டார்கள். இவ்வகைச் சான்றை மதிப்போடும் எச்சரிக்கையோடும் கையாள்வதற்கு இன்றும் வழிகாட்டியாக இருப்பது, ‘டாலஸ்’ என்ற அமெரிக்கத் தொடரின் நெதர்லாந்துப் பார்வையாளரைப் பற்றி இயன் ஆங் எழுதி 1985இல் ஆங்கிலத்தில் வந்த நூல். பெண்கள் இதழ் ஒன்றில் சிறு விளம்பரம் கொடுத்து அவர் பெற்றவை வெறும் 42 கடிதங்கள். எண்ணெய் முதலாளிகளின் மாளிகை வாழ்க்கை உண்மைக்குப் புறம்பானது என்று நன்றாகத் தெரிந்திருந்தும் அதைப் பலர் ‘நிஜமானது’ என்று எழுதியது ஏன் என்ற வியப்பிலிருந்து அவர் ஒரு கருத்தாக்கத்தை வந்தடைந்தார். புறச்செய்திகள் பொய்யாக இருப்பினும், கதைக்குள் ஓடும் உணர்ச்சிகளின் அமைப்பு பார்வையாளரின் வாழ்வோடு ஒத்திருந்தால் அவர் அதை மெய் என ஏற்கிறார்; இதனை ‘உணர்வு மெய்ம்மை’ எனலாம்.

மாளிகைக்குப் பொருந்திய இக்கருத்து பேய்க்கும் பொருந்துகிறது. சுவரிலிருந்து எட்டிப் பார்க்கும் உருவத்தை நம்பாத பார்வையாளரும், அக்காளும் தங்கையும் பண விவகாரத்தில் முறைத்துக்கொள்வதை நம்பினார். மூத்தவன் ஸ்டீவன் குடும்பத்தின் சாவை நூலாக எழுதிப் பேரும் பணமும் சம்பாதித்தவன். அவன் தர முன்வந்த பங்கை ‘இரத்தப் பணம்’ என்று கருதி மறுத்த தங்கை ஷெர்லி, தன் கணவர் அதை இரகசியமாக வாங்கிக்கொண்டதை அறியாதவள். அடுத்த தங்கை தியோ அந்தப் பணத்தை வாங்கி, அதைக் கொண்டு படித்து உளவியலர் ஆனவள். சாவு வீட்டில் பழைய கணக்குகள் வெடிக்கும் இந்தக் காட்சிகளே (ஐந்து நீண்ட காட்சித்துண்டுகளால் ஆன ஆறாம் பகுதியில் அவை ஏறத்தாழ இடைவெட்டின்றி ஓடுகின்றன, மிக நீண்ட துண்டு 17 நிமிடத்தைத் தாண்டும்) தொடரின் உச்சம் எனப் பல விமர்சகர்கள் கருதினர். பேய்கள் பின்னணியில் நின்றுகொண்டிருக்க, முன்னணியில் குடும்பம் சண்டையிடுகிறது. தொடர் முழுவதும் கதவோரங்களிலும் நாற்காலிகளுக்குப் பின்னும் எந்தக் குறிப்புமின்றி ஒளித்துவைக்கப்பட்ட பேயுருவங்களைப் பார்வையாளர் பின்னோக்கி ஓட்டிப் பார்த்துப் பட்டியலிட்டது தனி விளையாட்டாகவே நடந்தது. ஆயினும் முதல் முறை பார்க்கையில் அவற்றைப் பெரும்பாலோர் கவனிக்காமல் போனதற்குக் காரணம், அவர்கள் கண் சண்டையிடும் முகங்களின்மேல் இருந்ததே.

ஐந்து படிநிலைகள் என்னும் எளிய சாவி

தொடரைப் பற்றிய விளக்கங்களில் மிகப் பரவலானது, ஐந்து உடன்பிறப்புகளும் துக்கத்தின் ஐந்து படிநிலைகள் என்பது. வயது வரிசைப்படி ஸ்டீவன் மறுப்பு, ஷெர்லி சினம், தியோ பேரம், லூக் மனச்சோர்வு, நெல் ஏற்பு. பார்வையாளர் கண்டுபிடித்ததாகப் பரவிய இந்த வாசிப்பை இயக்குநரும் ஒப்புக்கொண்டார். அதன்பின் அது விளக்கமாக நில்லாமல் விடையாகவே மாறிவிட்டது. தொடரைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் இதைச் சொல்லாதது அரிது.

இந்தச் சாவி எங்கிருந்து வந்தது என்பதை நினைவுகூர்வது தேவை. சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளமருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் வெளியிட்ட நூலில் இப்படிநிலைகளை முன்வைத்தபோது, அவர் பேசியது சாகப்போகும் நோயாளிகளைப் பற்றி. தம் முடிவை அறிந்த மனிதர் அதை எதிர்கொள்ளும் விதங்களைப் பற்றி. பிரியமானவரை இழந்து பின்தங்கியவர்களுக்கு அது பின்னரே விரித்துப் பொருத்தப்பட்டது. இழப்புற்ற 233 பேரைக் கொண்டு நடந்து 2007இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வு, உணர்வுகள் உச்சம் தொடும் வரிசை படிநிலைக் கோட்பாட்டோடு ஒத்துப்போகிறது என்றது. ஆனால் அதே ஆய்வின் எண்கள் வேறொன்றையும் காட்டின: தொடக்கத்திலிருந்தே மிகுதியாகக் காணப்பட்டது ஏற்புணர்வு, எதிர்மறை உணர்வுகளில் இரண்டாண்டுக் காலம் முழுவதும் மேலோங்கி நின்றது சினமோ சோர்வோ அன்று, ஏக்கம். ஐந்து படிநிலைகளின் பட்டியலில் ஏக்கத்துக்கு இடமே இல்லை. மேலும், அவ்வாய்வு இயற்கைச் சாவுகளால் நேர்ந்த இழப்பை மட்டுமே கணக்கில் கொண்டது. க்ரெய்ன் குடும்பத்தில் நேர்ந்தவை அவ்வகைச் சாவுகள் அல்ல.

தொடருக்குள்ளேயே வைத்துப் பார்த்தாலும் இப்பொருத்தம் தளர்வானது. தியோ எதைப் பேரம் பேசுகிறாள் என்பதை இவ்வாசிப்பை ஆதரிப்பவர்கள் சுற்றி வளைத்தே விளக்க வேண்டியிருக்கிறது. தொட்டால் பிறர் நினைவுகள் தன்னுள் புகுந்துவிடும் என்பதால் கையுறை அணிந்து வாழும் அவள் தொடரின் மிக நுட்பமான படைப்பு. அவளைப் ‘பேரம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைப்பது அவளுக்குச் செய்யும் அநீதி. நெல் ‘ஏற்பு’ என்பதும் அவள் இறந்தபின் மட்டுமே உண்மை. உயிரோடிருந்தபோது தாய்க்காகவும் பிறகு திடீரென இறந்த கணவர் ஆர்தருக்காகவும் ஏங்கி உருக்குலைந்தவள் அவள். உயிரோடிருக்கும் எவருக்கும் ஏற்பு வாய்ப்பதில்லை என்று தொடர் சொல்வதாகவும் கொள்ளலாம். ஆனால் படிநிலை வாசிப்பைப் பரப்பியவர்கள் அந்த இருண்ட முடிவுக்கு வருவதில்லை.

இருந்தும் பார்வையாளர் இதைப் பற்றிக்கொண்டதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஐவரில் ஒருவராகத் தம்மைக் கண்டுகொள்ளும் வாய்ப்பை இது கொடுத்தது. பெற்றோரை இழந்த குழந்தைகளைப் பற்றியும், குழந்தையை இழந்த பெற்றோரைப் பற்றியும் பேசும் அளவுக்கு, வளர்ந்த பின் உடன்பிறந்தோரை இழந்தவர்களைப் பற்றிச் சமூகம் பேசுவதில்லை. ஊரும் உறவும் முறையாக ஏற்றுக்கொள்ளாத இத்தகைய துயரை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989இல் ‘உரிமை மறுக்கப்பட்ட துயர்’ என்று பெயரிட்டார். ஒரே தாயின் சாவை ஐந்து பிள்ளைகள் ஐந்து விதமாகச் சுமக்கிறார்கள் என்பதும், அந்த வேறுபாடே அவர்களைப் பிரிக்கிறது என்பதும் தொடர் கண்ட உண்மை. அதற்குப் பார்வையாளர் சூட்டிய பெயர்தான் பொருந்தாதது.

அருகில் இருப்பவர்

அழுகைக்கான காரணத்தை வேறோரிடத்தில் தேட வேண்டும். வேல்ஸ் நாட்டு மருத்துவர் டூயி ரீஸ் தம் பகுதியில் துணையை இழந்த 293 பேரைச் சந்தித்து, 1971இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்த கணவரையோ மனைவியையோ கண்டிருந்தனர், அவர்தம் குரலைக் கேட்டிருந்தனர், அல்லது அருகில் இருப்பதாக உணர்ந்திருந்தனர். பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு இரண்டாண்டு முன் டோக்கியோவில் 20 கைம்பெண்களிடம் நடந்த ஆய்வில் மிகப் பெரும்பான்மையோர் அத்தகைய உணர்வைக் கூறினர். இறந்த மூதாதையருக்கு வீட்டில் இடம் வைத்து வணங்கும் பண்பாட்டில் அவர்கள் அதைக் குற்றமாகவோ நோயாகவோ கருதவில்லை. இவ்வகைச் சான்றுகள் திரண்டு, 1996இல் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகியோர் பதிப்பித்த தொகுப்பில் ‘நீங்காப் பிணைப்பு’ என்ற கோட்பாடாக உருப்பெற்றன. இறந்தவரிடமிருந்து மனம் விடுபடுவதே துக்கத்தின் பணி என்று 1917இல் ஃபிராய்டு எழுதியதிலிருந்து நிலவிய கருத்துக்கு இது மாற்று: உறவு முறிவதில்லை, வடிவம் மாறித் தொடர்கிறது என்பது இதன் சாரம்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் புதுமை குறைவாகத் தோன்றலாம். தொடரின் அமெரிக்கப் பார்வையாளருக்கு அப்படியன்று. இறந்தவரைக் கண்டேன் என்று சொல்லத் தயங்கும் சூழலில் வாழ்பவருக்கு, அதைச் சொல்வதற்குக் கதையுலகம் விட்டுவைத்திருக்கும் ஒரே இலக்கிய வகை பேய்க்கதை. ‘ஹில் ஹவுஸ்’ அந்த வகையை அதற்கே பயன்படுத்தியது. முதல் பகுதியின் முடிவில் தன் அறையில் நிற்கும் தங்கையைக் கண்டு ஸ்டீவன் எரிச்சலோடு பேசிக்கொண்டிருக்கும்போதே, அவள் இறந்துவிட்டாள் என்ற செய்தி தந்தையிடமிருந்து தொலைபேசியில் வருகிறது. அக்காட்சியில் திகிலூட்டுவது அவள் உருவமன்று. அவளிடம் அவன் காட்டிய எரிச்சல் இனித் திரும்பப் பெற முடியாதது என்பதே.

ஐந்தாம் பகுதி இதை இன்னும் தொலைவு கொண்டுசெல்கிறது. சிறுவயது முதல் நெல்லின் கட்டிலருகே தோன்றி அவளை அசையவிடாமல் அச்சுறுத்திய, கழுத்து வளைந்த பெண்ணுருவம் யாருடையது என்ற புதிர், அது இறக்கும் கணத்தில் காலத்தினூடே பின்னோக்கி விழும் நெல்லே என்று அவிழ்கிறது. அவளுக்கு நேர்வது உறக்க முடக்கம்: கனவு வரும் உறக்க நிலையில் தசைகள் இயல்பாகவே செயலற்றிருக்க, விழிப்பு மட்டும் முன்னதாக வந்துவிடுவதால், உடல் அசையாமலும் அறையில் யாரோ இருப்பதாகவும் தோன்றும் நிலை. நியூஃபவுண்ட்லாந்தில் ‘கிழச் சூனியக்காரி’ என்றும், தமிழில் ‘அமுக்குவான் பேய்’ என்றும் வழங்குவது இதுவே. இத்துன்பத்தை அறிந்தவர்கள் நெல்லின் காட்சிகளில் தம் அனுபவத்தை அடையாளம் கண்டனர். ஆனால் புதிர் அவிழும்போது அச்சம் அப்படியே இரக்கமாகத் திரும்பிவிடுகிறது. அவள் வாழ்நாளெல்லாம் அஞ்சியது தன் துயரத்தைத்தான். திகில் வகைமையின் கருவிகளைக் கொண்டே திகிலைக் கரைத்துவிட்ட இந்தத் திருப்பம், தொடரில் மிகுதியாகப் பேசப்பட்டது. அது தகுதியான புகழே.

எட்டாம் பகுதியில் வரும் கார்க் காட்சியும் இதே முறையில் கட்டப்பட்டது. ஷெர்லியும் தியோவும் உச்சக்குரலில் சண்டையிட்டுக்கொண்டே செல்கையில் இருவருக்கும் நடுவில் நெல்லின் உருவம் அலறியபடி பாய்கிறது. இருக்கையிலிருந்து துள்ளியதாகப் பார்வையாளர் சொன்ன காட்சிகளில் இதற்கே முதலிடம். அடுத்த சில நிமிடங்களில், சாலையோரத்தில், நெல்லின் உடலைத் தொட்டதிலிருந்து தனக்குள் எதுவுமே இல்லை, வெறுமை மட்டுமே இருக்கிறது, எதையாவது உணர்வதற்காகவே தவறு செய்தேன் என்று தியோ அக்காளிடம் உடைந்து அழுகிறாள். அதிர்ச்சி பார்வையாளரின் காவலைத் தளர்த்திவிட்டுப் போக, அந்த இடைவெளியில் துக்கம் நுழைகிறது. இது தற்செயலன்று, தொழில்நுட்பம். தொடரில் பலமுறை திரும்ப வருவது.

சாவுக்குப் பொறுப்பு யார்

பாராட்டின் நடுவே ஒரு தரப்பு எழுப்பிய கேள்விக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. நெல்லின் சாவு உலகுக்குத் தற்கொலை. பார்வையாளருக்கு வீடு செய்த கொலை. இறந்த கணவரையும் தாயையும் காட்டி மயக்கி, வீடு அவளை மாடிப்படியின் விளிம்புக்குக் கொண்டுபோகிறது. தற்கொலையால் உறவினரை இழந்தவர்களுக்கு இது ஆறுதல் தரக்கூடியது; ‘ஏன் செய்தாள்’ என்று இறந்தவரைக் குறுக்கு விசாரணை செய்வதிலிருந்தும், ‘தொலைபேசியை எடுத்திருந்தால்’ என்று தம்மையே தண்டிப்பதிலிருந்தும் அது விடுதலை அளிக்கிறது. அதே காரணத்தால் அது சிக்கலானதும்கூட. மனநோய் வெளியிலிருந்து வரும் தீயசக்தி என்ற பழைய நம்பிக்கைக்கும் இதற்கும் உள்ள தூரம் சிறிது. இறந்தவர்கள் ஒன்றுசேர்ந்து அமைதியாக வாழும் இடமாக வீடு பின்னர் காட்டப்படுவது, துயருற்ற மனத்துக்குச் சாவை அழைப்பாகவே காட்டிவிடும் என்ற அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. இதே நெட்ஃபிளிக்ஸ், 2017இல் வெளியிட்ட ‘13 ரீசன்ஸ் வை’ தொடரின் தற்கொலைக் காட்சியை, நீண்ட கண்டனங்களுக்குப் பின் 2019 ஜூலையில் நீக்கியது. ‘ஹில் ஹவுஸ்’ அத்தகைய விவாதத்துக்கு உள்ளாகாமல் தப்பியது பேய்க்கதை என்ற போர்வையால்தான்.

முடிவைப் பற்றிய வழக்கு

பார்வையாளர் உண்மையில் பிளவுபட்டது பத்தாம் பகுதியில். எல்லாருக்கும் பூட்டியே கிடந்ததாக நம்பப்பட்ட சிவப்பு அறை, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வடிவில் (ஒருவனுக்கு மரவீடு, ஒருத்திக்கு நடன அறை, தாய்க்கு வாசிப்பறை என) ஏற்கெனவே திறந்திருந்தது தெரியவருகிறது. நெல் அங்கே தோன்றி உடன்பிறந்தோரை மன்னித்து விடைகொடுக்கிறாள். தந்தை தம் உயிரை ஈடாகக் கொடுத்துப் பிள்ளைகளை மீட்கிறார். பிறகு ஒவ்வொருவர் வாழ்வும் சீராகிறது. ஸ்டீவன் மனைவியோடு சேர்கிறான், ஷெர்லி தன் பழைய தவற்றைக் கணவரிடம் சொல்கிறாள், தியோ கையுறைகளைத் துறக்கிறாள், லூக் போதையின்றி வாழ்ந்த இரண்டாண்டைக் குடும்பத்தோடு கொண்டாடுகிறான். இது தமக்குத் தேவைப்பட்ட ஆறுதல் என்று ஒரு சாராரும், ஒன்பது பகுதிகளாகக் கட்டியதை இயக்குநரே சரித்துவிட்டார் என்று மறுசாராரும் வாதிட்டனர்.

இரண்டாம் சாராரில் ஜாக்சனின் வாசகர்கள் முன்னணியில் நின்றனர். நாவலின் எலினர் வான்ஸ், நோயுற்ற தாயைப் பதினோராண்டு பராமரித்து, தாய் இறந்த இரவில் அவர் சுவரைத் தட்டி அழைத்ததைக் கேட்டும் எழாமல் இருந்தோமோ என்ற ஐயத்தோடு வாழ்பவள். அவளை வீடு அணைத்துக்கொள்கிறதா, விழுங்குகிறதா என்பது நாவலில் தெளிவாவதில்லை. அவள் காரை மரத்தில் மோதி இறக்கிறாள், வீடு தனிமையில் நிலைத்திருக்கிறது. தொடர் அந்தத் தனிமையைக் கூட்டுறவாகத் திருத்தி எழுதியதோடு, ஜாக்சனின் புகழ்பெற்ற தொடக்க வரிகளை ஸ்டீவன் என்ற ஆண் எழுத்தாளனின் நூலுக்குக் கொடுத்தது. குடும்பம் என்னும் நிறுவனத்தின் மூச்சுமுட்டலைத் தம் எழுத்தெங்கும் ஆராய்ந்த ஜாக்சனின் பெயரால், குடும்பமே மருந்து என்ற முடிவு சொல்லப்பட்டது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அது வலுவானது. மறுபுறம், இவ்வகை மாற்றங்களைப் பொதுவாக விரும்பாத ஸ்டீவன் கிங் இத்தொடரை வெளிப்படையாகப் பாராட்டினார்.

ஃப்ளனகன் முதலில் எண்ணியிருந்த முடிவு வேறு. லூக்கின் கொண்டாட்டக் காட்சியின் பின்னணியில் சிவப்பு அறையின் சன்னல் தெரிய வேண்டும். அதாவது அவர்கள் இன்னும் வெளியேறவே இல்லை. பாத்திரங்களுக்கு அது கொடுமை என்று கருதிக் கைவிட்டதாக அவர் பேட்டியில் கூறினார். காட்சியில் எஞ்சிய கேக்கின் சிவப்பு நிறத்தைச் சான்றாகப் பிடித்துக்கொண்டு, அவர்கள் தப்பவில்லை என்றே இன்றும் வாதிடும் பார்வையாளர் உண்டு. இந்தப் பிடிவாதத்தைப் புதிர் விடுவிக்கும் ஆர்வம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. துக்கம் ஓர் இரவில், ஓர் அறையில், நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் தீர்ந்துவிடாது என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் படைப்பாளி அளித்த ஆறுதலை மறுக்கிறார்கள். ஆயினும் கைவிடப்பட்ட முடிவு மேலானதாக இருந்திருக்கும் எனச் சொல்வதற்கில்லை; ஒரு தந்திரத்துக்கு மாற்றாக இன்னொரு தந்திரமே அங்கு வந்திருக்கும். முதல் ஒன்பது பகுதிகள் இறந்தவரோடு வாழ்வது எப்படி என்று கேட்டன. பத்தாம் பகுதியோ இறந்தவருக்கு விடைகொடுப்பது எப்படி என்ற வேறொரு கேள்விக்குப் பதில் சொன்னது. நீங்காப் பிணைப்பில் தொடங்கிய கதை கடைசி ஒரு மணி நேரத்தில் படிநிலைக் கோட்பாட்டின் ‘ஏற்பு’க்குள் ஒதுங்கியதே இக்குறையின் வேர்.

2020 அக்டோபரில் ஃப்ளனகன் உருவாக்கிய ‘தி ஹாண்டிங் ஆஃப் பிளை மேனர்’ வெளிவந்தது. அதைப் பலர் முந்தையதைவிட அச்சம் குறைந்தது என்று குறைகூறினர். ஆனால் காதலியை இழந்த ஜேமி அதில் ஆண்டுகள் பல கடந்தும் விடைகொடுக்காதவராக, இரவுதோறும் கதவைச் சாத்தாமல் காத்திருப்பவராகவே விடப்படுகிறார்; அவரை யாரும் குணப்படுத்துவதில்லை. இழப்புத் துயரைப் பற்றிய ஆய்வுகள் கூறுவதற்கு, ‘ஹில் ஹவுஸ்’ தந்த சமரசத்தைவிட இந்த முடிவே நெருக்கமானது.